பெயரை மறைத்துவிட்டால் பாரபட்சம் போய்விடுமா?

"கம்ப்யூட்டருக்கு ஆண், பெண் தெரியாது, ஊர், பேர் தெரியாது. அது வடிகட்டித் தந்தால் நியாயமாகத்தான் இருக்கும்." ஆள் எடுக்க மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள் சொல்லும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அது கற்பதே நீங்கள் முன்பு எடுத்த ஆட்களைப் பார்த்துத்தான். அமேசான் 2014-இல் உருவாக்கத் தொடங்கிய கருவியைப் பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், பெரும்பாலானவை ஆண்களுடையவை. ரெஸ்யூமில் 'மகளிர் செஸ் கிளப் தலைவி' என்று இருந்தால், 'மகளிர்' என்ற சொல்லுக்காகவே மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. திருத்திப் பார்த்தார்கள். வேறு வழியில் பாகுபாடு காட்டாது என்ற உறுதி கிடைக்கவில்லை. கைவிட்டார்கள்.

பெயரையும் பாலினத்தையும் எடுத்துவிட்டோம் என்பீர்கள். கல்லூரிப் பெயர் இருக்கிறதே! பிளஸ் டூ முடித்த ஆண்டு வயதைச் சொல்லிவிடும். பயிற்றுமொழியும் பள்ளியின் பெயரும் குடும்பப் பின்னணியைக் காட்டிக்கொடுக்கும். வேலையில் விட்ட இரண்டு வருடம் பல பெண்களுக்குப் பிரசவமும் குழந்தை வளர்ப்பும்.

"நேரில் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் எடை போட்டுவிடுவேன்" என்னும் மேலாளர்களே, கொஞ்சம் பொறுங்கள். போகிற போக்கில் கேள்வி கேட்கும் நேர்காணலுக்கும் பிறகு வேலையில் தெரியும் திறமைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு, 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் செய்த மறுகணக்கீட்டின்படி, வெறும் 0.19 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). கேள்விகளை முன்பே வகுத்து எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் 0.42. அதுவும் முழுமையானதல்ல, ஆனால் இரு மடங்குக்கு மேல்.

ஆகவே தயவுசெய்து கேள்விகளை நேர்காணலுக்கு முந்தைய நாளே எழுதுங்கள். "பில் இல்லாமல் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் வாடிக்கையாளர். என்ன செய்வீர்கள்?" 'மேனேஜரைப் பாருங்கள் என்பேன்' என்றால் 1. போன் நம்பரை வைத்து பில்லைத் தேடி, விதியை விளக்கி, எந்த நாளுக்குள் முடியும் என்றும் சொன்னால் 5. இந்த அளவுகோல் தாளில் இருக்கட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடுங்கள். எல்லோரும் போட்டு முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசாதீர்கள். மூத்தவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேனா தானாகத் திருத்தும்.

மென்பொருளையும் சோதியுங்கள். 100 ஆண்களில் 40 பேரும் 100 பெண்களில் 24 பேரும் தேறினால், 24-ஐ 40-ஆல் வகுக்க 0.6. அமெரிக்காவில் 1978 முதல் பயன்படும் ஐந்தில் நான்கு விதிப்படி 0.8-க்குக் கீழே வந்தாலே எச்சரிக்கை. விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.