டஃபண்ட் கிளாஸ்: ஐ.எஸ்.ஐ. முத்திரை எதுவரை காப்பாற்றும்?

ஷவர் தடுப்பு, கடைவாசல் கதவு, பால்கனித் தடுப்பு என்று ஆள் மோதக்கூடிய இடங்களிலெல்லாம் இப்போது கண்ணாடிதான். இந்த இடங்களுக்கென்று விற்கப்படும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மத்திய அரசின் கட்டாய விதி ஒன்று இருக்கிறது. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை கொண்டுவந்த 2020ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கண்ணாடித் தரக்கட்டுப்பாட்டு ஆணை அது. கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஐ.எஸ். 2553 பகுதி 1 என்ற இந்தியத் தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்ற ஆலை ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்கும் இதே விதிதான்.

இந்தத் தரத்துக்குள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று டஃபண்ட், அதாவது டெம்பர்ட். சாதாரண ஃபுளோட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி வேகமாகக் குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த அழுத்தத்தால் பலம் நான்கைந்து மடங்கு கூடுகிறது. உடைந்தாலும் கத்தி போன்ற சில்லுகள் வராது. கற்கண்டு அளவுக்குத் துண்டுகளாகக் கொட்டிவிடும். ஆனால் விளிம்பு இதன் பலவீனம். நடுவில் ஓங்கித் தட்டினாலும் தாங்குவது, மூலையில் டைல்ஸ் மீது இடித்தால் நொறுங்கிப் போகும்.

இன்னொன்று லேமினேட்டட். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும், ஓட்டை விழாது.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பால்கனிக்கு டஃபண்ட் போட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்வார், முத்திரையும் சரியாகவே இருக்கும். உடைந்தால் தடுப்பு மொத்தமும் கொட்டிப்போய், சாய்ந்து நின்றவருக்கு முன்னால் எதுவும் இருக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தகட்டின் தரத்துக்குத்தான் உத்தரவாதம். எந்த இடத்துக்கு எந்த வகை என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இலும் ஐ.எஸ். 16231 பகுதி 4 என்ற இந்தியத் தரத்திலும் இருக்கிறது. தரையிலிருந்து 75 சென்டிமீட்டருக்குக் கீழேயே தொடங்கும் கண்ணாடியை ஆள் மோதக்கூடியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம் பள்ளம் இல்லையென்றால் டஃபண்ட், லேமினேட்டட் எதுவானாலும் சரி. ஒன்றரை மீட்டருக்கு மேல் விழும் ஆபத்து இருந்தால் லேமினேட்டட். தலைக்கு மேல் வரும் கூரைக் கண்ணாடிக்கும் லேமினேட்டட்தான் பொருத்தம். டஃபண்டையே இரண்டு தகடாக லேமினேட் செய்தும் வாங்கலாம். விலை கூடும், பால்கனிக்கு அந்தச் செலவு தகும் என்பேன்.

இன்னொரு விஷயம். கட்டட விதித்தொகுப்பு வழிகாட்டிதான். மாநில அரசோ உள்ளாட்சியோ தன் விதிகளில் சேர்க்கும்போதுதான் அது கட்டாயமாகிறது. அதனால் தனி வீடு கட்டுகிறவர் இதைத் தானே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்பதையும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். டஃபண்ட் ஆன பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. பூட்டு, கீல், கைப்பிடி எல்லாவற்றுக்கும் அளவு எடுத்து, துளை போட்ட பிறகே உலைக்குள் போகும். 'சைட்டில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொன்னால் அவர் தருவது டஃபண்ட் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அரிதாக, யாரும் தொடாமலே டஃபண்ட் கண்ணாடி நொறுங்குவதுண்டு. உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் நாள்போக்கில் பெருப்பது அதற்கு ஒரு காரணம். தகட்டை மீண்டும் சூடாக்கி வைத்துப் பார்க்கும் 'ஹீட் சோக்' சோதனை, அப்படிப்பட்ட தகடுகளில் பெரும்பாலானவற்றை ஆலையிலேயே உடைத்துக் கழித்துவிடும். மாடிக் கண்ணாடிகளுக்கு இதைக் கேட்டுப் பெறலாம். ஷவர் கதவுக்கு அவ்வளவு அவசியமில்லை.

சரக்கு வந்ததும் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. சின்னத்தின் மேலே தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். பெயர் பொருந்தவில்லையென்றால் அதே செயலியில் புகார் செய்யலாம். சென்னை தரமணியில் பி.ஐ.எஸ். தென்மண்டல அலுவலகமும் இருக்கிறது.

பில்லில் வெறும் 'கிளாஸ்' என்று எழுத விடாதீர்கள். வகை, எத்தனை எம்.எம்., தர எண் மூன்றும் இருக்க வேண்டும். முத்திரை இருந்தும் தரம் இல்லாத பொருளால் நுகர்வோருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு பெற பி.ஐ.எஸ். சட்டம் 2016 இடம் தருகிறது. அப்போது அந்த பில்தான் உங்கள் கையிலிருக்கும் சாட்சி.