ஹேங் கிளைடர்: தொங்குவது யார், சறுக்குவது எது?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் சாலையில், 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன கல்லட்டி இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் அதை ஹேங் கிளைடிங் களம் என்று நெடுங்காலமாகக் குறித்துவருகின்றன. ஆனால் மலையில் பேச்சுவழக்கைக் கேட்டால், ஆகாயத்தில் மனிதன் தொங்கிக்கொண்டு போகும் எதுவும் 'பாராசூட்'தான். எழுத்தில் வரும்போது 'சறுக்கு விமானம்', 'மிதவை வானூர்தி' என்று ஆளுக்கொன்று. இவற்றில் எது பொருந்தும் என்று பார்க்கப் போனால், முதலில் அந்தப் பொருள் எப்படிப் பறக்கிறது, அதிலும் பழைய மாடல்கள் எப்படிப் பறந்தன என்று தெரிந்தாக வேண்டும்.

ஹேங் கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத ஒரு சிறகு. அலுமினியக் குழாய்களால் ஒரு சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் துணி, கீழே ஒரு முக்கோணக் கம்பி. பெரும்பாலும் 20 முதல் 35 கிலோ எடை இருக்கும். அதைத் தோளில் தாங்கியபடி சரிவில் எதிர்க்காற்றில் ஓடினால் கால் தரையை விடும். அதன்பின் பறப்பவர் சிறகின் நடுவிலிருந்து வரும் ஒரு பட்டையில் தொங்கிக்கொண்டு போவார்.

ஆங்கிலப் பெயரின் முதல் பாதி தொங்குதல். இரண்டாவது பாதியான 'கிளைட்' பழைய ஆங்கிலச் சொல்; ஜெர்மன் மொழியின் 'கிளைட்டன்' அதற்கு உறவு. சத்தமில்லாமல், தடையில்லாமல் வழுக்கிச் செல்வது என்று பொருள். ஜெர்மனில் 'ஹாங்' என்றால் மலைச்சரிவு என்றும் ஒரு பொருள் உண்டு. மலைச்சரிவிலிருந்து கிளம்பும் ஊர்திக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதால், பெயர் அங்கிருந்துதான் வந்ததோ என்று தோன்றும். இல்லை. ஜெர்மனியர்களே இதைத் தொங்குதல் என்னும் வினையிலிருந்து 'ஹெங்கேகிளைட்டர்' என்று அழைக்கிறார்கள்.

தமிழிலும் தொங்குவதற்கு ஒரு பழைய வினை இருக்கிறது: தூங்கு. தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது தூக்கத்தால் அல்ல, தொங்கும் கூட்டால். ஆகாயத்தில் தொங்கிய கோட்டையை அழித்த சோழனைச் சங்கப் பாடல்கள் 'தூங்கெயில் எறிந்த' செம்பியன் என்கின்றன. வானத்தில் பிடிமானமின்றி நிற்பதற்கு இதைவிட அழகான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்குத் 'தூங்குவிமானம்' என்று பெயர் வைத்தால் யார் ஏறுவார்? அதனால் தொங்கு என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தொங்குபாலம் என்றால் பாலம் தொங்குகிறது. தொங்குதோட்டம் என்றால் தோட்டம் தொங்குகிறது. பழனியில் போய்த் 'தொங்கூர்தி' என்றால், கோயிலுக்கு ஏறும் ரோப் கார் எங்கே என்று கேட்கிறீர்களா என்பார்கள். அவர்கள் எண்ணுவது சரியும்கூட. ஹேங் கிளைடரில் தொங்குவது ஊர்தியல்ல, ஆள். இந்த ஆள் தொங்கும் விதம்தான் இந்த ஊர்தியின் வரலாற்றையே தீர்மானித்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியெந்தால் கட்டிய கிளைடர்களில் அவர் முன்கைகளால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு தொங்கினார். உடம்பின் மேல்பாதி சிறகோடு பிணைந்திருந்தது; காலையும் இடுப்பையும் மட்டும் ஆட்டித்தான் ஊர்தியைத் திருப்ப முடிந்தது. 1891 முதல் 2,000 தடவைக்கு மேல் பறந்தவர் அவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றில் அவரது கிளைடரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கால்களை முன்னால் வீசியும் அதைத் தாழ்த்த முடியவில்லை. விழுந்தவர் மறுநாள் இறந்தார். எடையை நகர்த்த இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் அன்றைய முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

அந்த இடத்தைத் தந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கின்சன். அவர் சிறகைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் வீட்டில் உருவாக்கியது. சமையலறைத் திரைச்சீலையைத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். 1951இல் காப்புரிமை கிடைத்தது. விண்கலத்தைத் தரையிறக்க இது உதவுமா என்று 1960களின் தொடக்கத்தில் நாசா சோதித்துப் பார்த்தது. கடைசியில் பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டது. டிக்கின்சன் 1963இல் கிராஃப்டன் என்ற ஊரின் நீர்ச்சறுக்கு மன்றத்துக்காக, படகு இழுத்துச் செல்லும் ஒரு சிறகைக் கட்டினார். அதில் ரொகாலோவின் சிறகுக்குக் கீழே முக்கோணக் கம்பியைப் பொருத்தி, ஆளைத் தனியே ஒரு புள்ளியிலிருந்து தொங்கவிட்டார். எடை முழுவதையும் பட்டை தாங்கும். கைக்கு வேலை கம்பியைத் தள்ளுவதும் இழுப்பதும் மட்டுமே.

கம்பி சிறகோடு இறுகிப் பொருத்தப்பட்டது. அதை நம் பக்கம் இழுத்தால் உண்மையில் நகர்வது நம் உடம்பு: முன்னால் போகிறோம், மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது. தள்ளினால் வேகம் குறைகிறது. விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்; அங்கே கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் மூக்கு தூக்கும்.

'ஸ்டாண்டர்ட் ரொகாலோ' என்று இன்று சொல்லப்படும் முதல் தலைமுறை 1970களின் தொடக்கத்தில் பரவியது. நான்கே முக்கியக் குழாய்கள்: முன்விளிம்புக்கு இரண்டு, நடுவே ஒன்று, குறுக்கே ஒன்று. மூக்குக் கோணம் 80 முதல் 90 பாகை. கடலை மடிக்கும் காகிதக் கூம்பை நீளவாக்கில் பிளந்து இரண்டு பாதியையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படியோ, அப்படித்தான் துணி காற்றில் புடைத்து நிற்கும். துணிக்கு வடிவம் கொடுக்கக் குச்சிகள் கிடையாது. காற்றுதான் அதன் வடிவம்.

இதன் பறக்கும் குணம் விசித்திரமானது. மெதுவாகப் போகும்போது இதைப்போல் சாது கிடையாது. கம்பியைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் கொன்றாலும் திடீரென்று தலைகுப்புற விழாது. பாராசூட்டைப் போல மூக்கை நிமிர்த்தியபடி அமுங்கி அமுங்கி இறங்கும். சின்ன வயலில்கூட இறக்கிவிடலாம். புதியவர்களும் வீட்டிலேயே ஒன்றைக் கட்டிப் பறந்துபார்த்ததற்கு இந்தச் சாதுத்தனமும் ஒரு காரணம்.

வேகமாகப் போகும்போதுதான் இதன் மறுமுகம் தெரியும். கம்பியை அளவுக்கு மீறி இழுத்தாலோ, கொந்தளிப்பான காற்று மூக்கை அழுத்தினாலோ, துணியின் அடிப்பக்கம் படவேண்டிய காற்று படாமல் போகும். புடைப்பு வற்றித் துணி கொடிபோலப் படபடக்கும். மூக்கை மேலே தூக்கவேண்டிய விசையும் அத்தோடு காணாமல் போகும். பிறகு செங்குத்துப் பாய்ச்சல்தான். கம்பியை எவ்வளவு தள்ளினாலும் மீளாது, ஏனென்றால் தள்ளுவதற்குப் பதில் சொல்ல அங்கே சிறகு என்று ஒன்று இல்லை, துணிதான் இருக்கிறது. 1970களில் இப்படிப் பலர் இறந்தார்கள்.

பழைய மாடல்களைப் பழங்காலக் கார்களைப் போல ஆசையோடு பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. பரணில் கிடக்கும் ஒரு பழைய சிறகு பார்க்க எளிமையாக இருப்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. வெயிலில் கிடந்த துணியும் துருப்பிடித்த கம்பிவடமும் வேறு இருக்கின்றன.

தீர்வு ஒரே நாளில் வரவில்லை. சிறகின் மேலே ஒரு கம்பு நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து துணியின் பின்விளிம்புக்கு மெல்லிய கயிறுகள் கட்டினார்கள். சாதாரணப் பறத்தலில் அவை தளர்ந்தே இருக்கும். மூக்கு தாழ்ந்து துணி அமுங்கப் பார்த்தால் இறுகி, பின்விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும். அந்தத் தூக்கல் மூக்கை மீண்டும் நிமிர்த்தும். சிறகு நுனிகளும் கீழே மடங்கிவிடாதபடி தாங்கப்பட்டன. அமெரிக்காவில் தயாரிப்பாளர்களே சேர்ந்து சோதனை விதிகள் வகுத்து, வண்டியின் மேல் சிறகைப் பொருத்தி ஓட்டிப் பரிசோதித்தார்கள்.

அப்புறம் துணிக்குள் குச்சிகள் வந்தன, மூக்குக் கோணம் விரிந்தது, சிறகு நீண்டு ஒடுங்கியது. 1980 வாக்கில் அமெரிக்காவில் வந்த 'காமெட்' ஒரு திருப்பம். ராய் ஹேகர்ட் வடிவமைத்த அதில், காற்றில் வெளியே நின்று இழுவையைக் கூட்டிக்கொண்டிருந்த குறுக்குக் குழாய், மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே ஒளிந்துகொண்டது. உலகம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அடுத்து, பறக்கும்போதே ஒரு கயிற்றை இழுத்துத் துணியை இறுக்கும் வசதி பரவியது: இறுக்கினால் தூரம் போகும், தளர்த்தினால் திருப்ப எளிது. 1990களில் மேல்கம்பே இல்லாத போட்டிச் சிறகுகளும் வந்துவிட்டன.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பறப்பவர் ஒரு பக்கம் நகரும்போது அந்தப் பக்கத்துத் துணி கூடுதல் சுமையில் நெகிழ்ந்து தூக்கலை இழக்க, சிறகு அந்தப் பக்கம் சாய்கிறது. நெகிழ்வே திருப்பத்துக்கு உதவி. துணியை இறுக்க இறுக்கத் திருப்புவது பாடாகிறது. வேகத்தில் இடமும் வலமும் ஆட்டம் கண்டு, அதை அடக்கப்போய்ப் பறப்பவரே ஆட்டத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. அதனால்தான் போட்டி மாடல்கள் உச்சத்தில் இருந்த 1990களிலேயே, 'ஃபால்கன்' போன்ற ஒற்றைத் துணிச் சிறகுகள் பழைய எளிமையோடும் புதிய பாதுகாப்போடும் மறுபடி வந்தன.

இப்போது பெயரின் இரண்டாவது பாதிக்கு வருவோம். சறுக்கு வீதம் என்பது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்ற கணக்கு. ஸ்டாண்டர்ட் ரொகாலோவுக்கு ஏறத்தாழ 4. காமெட் தலைமுறைக்கு 8, 9. மேல்கம்பு இல்லாத போட்டிச் சிறகுக்கு 15.

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்று தெற்கே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்துக்கும் பெரியகுளத்துக்கும் உயர வித்தியாசம் தோராயமாக 1,800 மீட்டர். நேர்கோட்டுத் தூரம் 15 கிலோமீட்டர் அளவில். காற்றே அசையாத நாளில், காகிதத்தில் மட்டும், ஒரு ரொகாலோ அங்கிருந்து கிளம்பினால் 7 கிலோமீட்டர் சுமாருக்கு மேல் தாங்காது. கும்பக்கரை அருவிப் பக்கத்தில் எங்கேயோ மரத்தில் சிக்கும். காமெட் ஊர் எல்லையைத் தொடும். போட்டிச் சிறகு பெரியகுளத்தின் தலைக்கு மேல் 800 மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இதோடு மலைவாசிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சறுக்கு வீதம் இதனால் மாறாது. ஆனால் அதே சிறகு தூக்கிப் பிடிக்க ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல் வேகம் வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஓடிக் கிளம்புகிற வேகம் இங்கே போதாது. அதுவும் மூச்சு வாங்கும் உயரத்தில்.

சரி, சொல்லுக்குத் திரும்புவோம். 4 வீதத்தில் இறங்குவதைச் சறுக்குதல் என்று தயங்காமல் சொல்லலாம். 15 வீதத்தில் போவதை, அதிலும் மலைச்சரிவில் மேலேறும் காற்றில் பருந்தோடு பருந்தாக வட்டமிட்டு உயரம் கூட்டுவதைச் சறுக்குதல் என்றால் அநியாயம். மிதத்தல் என்றால் பழைய ரொகாலோவுக்கு அது வெறும் புகழ்ச்சி. மாடலுக்கு மாடல் இந்தப் பாதி மாறுகிறது. மாறாமல் நிற்பது முதல் பாதி: டிக்கின்சன் காலம்தொட்டு எல்லாவற்றிலும் ஆள் தொங்குகிறார், தொங்கும் எடையால்தான் ஊர்தி திரும்புகிறது.

ஆகவே என் தேர்வு 'தொங்குசிறகு'. சிறகா தொங்குகிறது என்று கேட்பவர்களுக்கு நம் வினைத்தொகையே பதில் வைத்திருக்கிறது. குடிநீரில் நீர் குடிப்பதில்லை, நாம் குடிக்கிறோம். ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. அப்படியே, ஆள் தொங்கும் சிறகு தொங்குசிறகு. தோளில் சுமந்துபோகும் ஒன்றுக்கு விமானம் என்ற பெயர் கனமானதும்கூட. பாராகிளைடரிலும் ஆள் தொங்கத்தானே செய்கிறார் என்றால், அது நியாயமான கேள்வி. சட்டம் இல்லாத, வான்குடையிலிருந்து பிறந்த அதற்குக் 'குடைச்சிறகு' என்று தனிப்பெயர் தந்துவிடலாம்.

உறுப்புகளுக்குப் பெயர் தேடக் கடற்கரைக்குப் போனால் போதும். மேலே இழுத்துக் கட்டும் துணி ஆங்கிலத்திலும் படகின் பாய்தான். நமக்கும் 'பாய்' இருக்கிறது. நடுக்குழாயை அவர்கள் கப்பலின் அடிக்கட்டைப் பெயரால் கீல் என்கிறார்கள். தமிழில் அந்தக் கட்டைக்கு 'ஏரா' என்று பெயர். பறப்பவருக்கு 'வலவன்' என்ற புறநானூற்றுச் சொல் உண்டு. அங்கே அது 'வலவன் ஏவா வான ஊர்தி', அதாவது ஓட்டுநர் இல்லாமலே செல்லும் ஊர்தி, என்று வருகிறது. தொங்குசிறகில் எஞ்சின்தான் இல்லை, வலவன் இருக்கிறார். பெண் பறந்தால் 'வலவி' என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.