ஜி.ஐ. பைப்புக்குள் ஒரு தவளை

'புதிய கேப்டன் அணியைக் கால்வனைஸ் செய்தார்' என்று ஆங்கில நாளிதழில் படித்த திருவான்மியூர் வாசகர், இரும்புக் கடையில் ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்குச் சொல்லும் அதே சொல்லா இது என்று கேட்கிறார். அதேதான்.

இத்தாலியின் பொலோனியாவில் மருத்துவர் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் காலை இரு வேறு உலோகங்களால் தொட்டார், கால் துள்ளியது. உயிருக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்று 1791இல் எழுதினார். இல்லை, உலோகங்களே காரணம் என்று மறுத்த இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா, 1800இல் மின்கலத்தையே செய்து காட்டிவிட்டார். 'வோல்ட்' என்ற அலகு வோல்டாவுக்குப் போனது, வினைச்சொல் கால்வானிக்கு. மின்சாரம் பாய்ச்சித் துள்ள வைப்பது, பிறகு மந்தமாகக் கிடக்கும் மனிதர்களை உசுப்பிவிடுவதும் ஆனது.

பைப்புக்கு வருவோம். 1837இல் பிரெஞ்சுப் பொறியாளர் சோரெல், உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதில் மின்சாரமே பாய்ச்சுவதில்லை. பின் ஏன் அந்தப் பெயர்?

பூச்சில் கீறல் விழட்டும், அப்போது தெரியும். சாதாரணப் பெயின்ட் என்றால் கீறலில் தொடங்கும் துரு பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். ஜி.ஐ.யில் கதை வேறு. கீறலில் இரும்பும் துத்தநாகமும் ஒட்டி நிற்கின்றன. மேலே கடற்காற்று கொண்டுவந்த உப்பு ஈரம். இரண்டு உலோகம், நடுவே ஈரம்: கால்வானியின் மேசையில் இருந்ததும் இதுதான், தவளைக்காலின் வேலையை இங்கே உப்புநீர் செய்கிறது. இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது துத்தநாகம். அது கரைந்து எலக்ட்ரான்களை இரும்புக்கு அனுப்புகிறது; ஈரத்திலுள்ள ஆக்சிஜன் அவற்றை இரும்பின் மேல் நின்றே வாங்கிக்கொள்கிறது. இரும்பு தன் கையிலிருந்து எதையும் இழப்பதில்லை. அதாவது உங்கள் ஜன்னல் கம்பியில் ஒரு குட்டி மின்கலம் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. இதைவிட அழகான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை.

காரைக்குடியில் இதற்கென்றே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உலோகத்தை வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்துப் பார்க்க வேண்டிய துறை இது. மூன்றாண்டுத் திட்டங்களாக நறுக்கி நிதி கொடுத்தால் துரு காத்திருக்குமா?

துத்தநாகம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீரும். பெசன்ட் நகர் மாடிக் கிரில்களில் முதலில் பழுப்பேறுவது பெரும்பாலும் வெல்டிங் வைத்த இடங்களே: அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே மட்டுமாவது துத்தநாகத்தூள் கலந்த பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் சில்வர் பெயின்ட் துருவின் நிறத்தைத்தான் மறைக்கும்.