பல்மனாலஜி: இது பல் சமாச்சாரம் இல்லை

காரைக்குடியில் ஒரு கிளினிக் வாசலில் 'பீடியாட்ரிக் பல்மனாலஜிஸ்ட்' என்று தமிழ் எழுத்திலேயே பலகை வைத்திருந்தார்கள். தங்கச்சி மகனுக்கு மூச்சு இழுக்கிறதென்று தூக்கிக்கொண்டு போயிருந்தோம். எங்கள் ஆயா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இழுப்புக்குப் போயி பல் டாக்டர்ட்ட கூட்டியாந்திருக்கீகளே" என்றார்கள். அது பிள்ளைகளுக்கான நுரையீரல் டாக்டர். சிரித்தோம், ஆனால் தப்பு ஆயா மேல் இல்லை.

'பல்மோ' லத்தீன், நுரையீரல் என்று பொருள். வாலில் இருக்கும் 'லாஜி' கிரேக்கம், அதாவது இயல். இரண்டு மொழியை ஒட்டுப்போட்டுச் செய்த சொல் இது. கிரேக்கத்தில் நுரையீரலுக்கு 'நியூமோன்' என்று பெயர், நிமோனியா அந்த வழியில் வந்ததுதான். பீடியாட்ரிக்கில் இருப்பது குழந்தையும் வைத்தியரும், இரண்டும் கிரேக்கம்.

நம் சொல்லைப் பாருங்கள். நுரை + ஈரல். ஆட்டை உரித்து வெட்டுகிற இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கல்லீரலைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி அடியில் போய்விடும், இது காற்றடைத்த நுரையாக மிதக்கும், அமுக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். இங்கிலீஷ் கறிக்கடைக்காரர்களும் லேசானது என்ற பொருளில்தான் இதை 'லைட்ஸ்' என்றார்கள். பழைய புத்தகங்களில் 'புப்புசம்' என்ற வடசொல் இருக்கும், அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

சரி, பிள்ளைகளுக்கென்று தனி டாக்டர் எதற்கு? அவர்கள் நுரையீரல் பெரியவர்களுடையதன் சின்ன அளவு இல்லை. காற்றுப்பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. மூச்சுக்குழாயும் ஒடுக்கம், உள்ளே கொஞ்சம் வீங்கினாலே அடைத்துவிடும். அன்றைக்கு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை, சட்டையைத் தூக்கிவிட்டு, விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்தபடி, கடிகாரத்தை வைத்து முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். ஒரு வயசுக்குள் (முதல் 2 மாதம் தவிர) நிமிஷத்துக்கு 50, 1 முதல் 5 வயசு வரை 40, அதைத் தொட்டாலே வேகமூச்சு. அப்புறம் கேட்டது, "வேர்க்கடலை எதுவும் வாயில போட்டானா?" கடலை மூச்சுக்குழாயில் சிக்கினாலும் இதே வீசிங் சத்தம் வரும், அதை மூச்சுக்குழாய்க்குள்ளே பார்க்கும் குழாயை (பிராங்கோஸ்கோப்) விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வெறுமனே 'இழுப்பு' என்றால் சில ஊர்களில் வலிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 'மூச்சு இழுப்பு' என்று சேர்த்துச் சொல்லுங்கள். சித்த மருத்துவத்தில் ஆஸ்துமாவுக்கு 'இரைப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது.

அப்போ பலகையில் என்னதான் எழுதுவது? அரசு ஆஸ்பத்திரிகளில் வழங்கும் 'நெஞ்சக நோய்' நல்ல தமிழ்தான், ஆனால் அதைப் பார்த்ததும் நம் ஊரில் டிபி என்று பயந்துவிடுவார்கள். 'மழலையர்' வேண்டாம், மழலை என்பது முதலில் பிள்ளையின் திருந்தாத பேச்சு. 'குழந்தை' புரியும், ஆனால் மீசை அரும்பிய 14 வயசுப் பையனும் இதே டாக்டரிடம்தான் வருவான், அவனைக் குழந்தை என்றால் வாசலோடு திரும்பிவிடுவான். என் ஓட்டு 'சிறார் நுரையீரல் மருத்துவர்'. படிப்பைச் சொன்னால் சிறார் நுரையீரலியல், வைத்தியத்தைச் சொன்னால் சிறார் நுரையீரல் மருத்துவம்.

ஆட்டோக்காரரிடம் மட்டும் இன்னும் 'பிள்ளைக சளி டாக்டர்' என்றுதான் சொல்கிறோம். நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்.