கார் லாரியில் வரும், பத்திரம் கூரியரில் வரும்

அமெரிக்காவில், கார் டீலர் இருப்பது கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸில், வாங்குகிறவர் டெக்சாஸின் டல்லாஸில். நடுவே சுமார் 2,300 கிலோமீட்டர். பழைய கார் ஒன்றைப் படத்தில் மட்டும் பார்த்து 30,000 டாலருக்குப் பேசி முடித்தாயிற்று. இனி லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். உண்மையில் லாரிதான் இதில் சுலபமான பகுதி.

முதல் வேலை, படத்தில் இருக்கும் கார் எது என்று உறுதி செய்வது. அதற்குத்தான் 17 இடங்கள் கொண்ட வின் நம்பர். நம்மூர் சேஸிஸ் நம்பரின் அண்ணன். 1981-லிருந்து இந்த அமைப்புதான். 1, 0 ஆகிய எண்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் இதில் வராது. ஒன்பதாவது இடம்தான் காவல்காரன். எழுத்துகளையெல்லாம் எண்ணாக மாற்றி, ஒவ்வோர் இடத்துக்கும் ‘எடை’ என்று வைத்திருக்கும் எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். சோதித்துப் பார்க்க வேடிக்கையான வழி ஒன்று உண்டு: பதினேழு இடத்திலும் 1 போடுங்கள். எடைகளின் கூட்டல் 89. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. கணக்குப்படி இது சரியான வின்! அப்படி ஒரு கார் இல்லை என்பது வேறு விஷயம். தட்டச்சுப் பிழையைத்தான் இந்தக் கணக்கு பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. வெள்ளத்தில் மூழ்கிய காரா, திருட்டு வண்டியா என்றறிய, வின்னை வைத்துப் பழைய பதிவுகளைத் தேடியாக வேண்டும்.

அடுத்தது டைட்டில், அதாவது உடைமைப் பத்திரம். அமெரிக்காவில் வண்டிப் பதிவு வேறு, டைட்டில் வேறு. இரண்டையும் கொடுப்பது மாநிலங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைமாறும்போது ஓடோமீட்டர் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை டைட்டிலிலேயே எழுதி, வாங்குகிறவரும் கையெழுத்திட வேண்டும். மீட்டரைத் திருப்பிவைத்து ஏமாற்றியவர்களால் வந்த ஏற்பாடு இது. அதனால்தான் பணம் நொடியில் வங்கி மாறிய பிறகும், கையெழுத்துக்காக ஒரு காகிதக் கட்டு கூரியரில் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும்.

வரியில்தான் சூட்சுமம். எங்கே விற்றார்கள் என்பதைவிட, சாவி எங்கே கைமாறியது என்பது முக்கியம். விமானம் ஏறிப் போய் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே காரை எடுத்துக்கொண்டால் கலிபோர்னியா வரி விழும், குறைந்தது 7.25 சதவீதம், 2,175 டாலர். ஒப்பந்தப்படி டீலரே லாரியில் டெக்சாஸுக்கு அனுப்பினால் அந்த வரி கிடையாது, டெக்சாஸின் 6.25 சதவீதம், அதாவது 1,875 டாலர் மட்டும். ஆகவே டீலருக்கு, காரை ஏற்றும்போது எழுதும் லாரிச் சீட்டு வெறும் ரசீது அல்ல, வரித்துறைக்குக் காட்டும் சாட்சி.

சரி, கார் கிளம்பியது. சட்டப்படி லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். இருக்கும் தூரத்துக்கு மூன்று நாளாவது ஆகும். வழியில் மற்ற கார்களையும் இறக்கினால் இன்னும் கூடும். ஏற்றும்போதே காரைச் சுற்றிவந்து, இருக்கும் கீறல்களைச் சீட்டிலுள்ள கார் படத்தில் குறித்திருப்பார். இறக்கும்போது அதே சீட்டை நீட்டுவார். பெரும்பாலும் இருட்டியிருக்கும், அவருக்கும் அவசரம். புதுக் கீறல் எதையும் குறிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் இழப்பீடு கேட்பது பெரும்பாடு. டார்ச் அடித்து, பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பேனாவை வாங்குங்கள்.