காமாவால் ஸ்பிஸ்கோவை ஏன் மல்லாத்த முடியவில்லை?

1910 செப்டம்பர் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் இந்தியாவின் காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுபோய்விட்டார். அதன்பின் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஸ்பிஸ்கோ பெரும்பாலும் விரிப்போடு ஒட்டிக் குப்புறக் கிடந்தார். இரு தோள்களும் தரையில் பட்டால்தான் தோல்வி. அது நடக்கவில்லை, முடிவு சமன். இத்தனைக்கும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலரை முதல் வீழ்த்தலில் 1 நிமிடம் 40 நொடியில் சாய்த்திருந்தார் காமா.

காமாவுக்குப் பலம் போதவில்லை என்று இதைப் படிப்பது தவறு. நிற்பவனைச் சாய்ப்பதும் கிடப்பவனைப் புரட்டுவதும் இருவேறு கணக்குகள்.

எதிராளி 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும்போது அவர் எடை விழும் புள்ளி குதிகாலிலிருந்து சுமார் 12 செ.மீ. முன்னால் இருக்கும். 130 செ.மீ. உயரத்தில் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினால், 110 × 12 ÷ 130, அதாவது 10 கிலோ எடைக்கு நிகரான விசையே அவரைப் பின்னால் சாய்க்கத் தொடங்கிவிடும். உடனே அவர் காலைப் பின்வைத்துத் தப்பிப்பார். அந்தக் காலைத் தடுப்பதில்தான் குஸ்திப் பிடிகளின் நுட்பமெல்லாம் இருக்கிறது. கொத்திப் பதப்படுத்திய கோதா மண்ணில் கால்விரல்கள் புதைந்து பிடிமானம் கிடைப்பதால், தூக்கி எறிபவர் முழு வேகத்தையும் கொடுக்கலாம்.

குப்புறக் கிடப்பவரோ சாயும் உயரத்திலேயே இல்லை. அவரை ஒரு பக்கமாகத் தூக்கித்தான் புரட்ட வேண்டும். உடலின் பாதி அகலம் 20 செ.மீ. என்றால், விறைப்பாகக் கிடக்கும் உடலின் ஒரு ஓரத்தைக் கிளப்பப் பாதி எடை, 55 கிலோ, வேண்டும். எதிர்ப்பக்கக் கையை உடலின் நடுவிலிருந்து 70 செ.மீ. தூரத்துக்கு நீட்டி ஊன்றிவிட்டாலோ சுழலும் அச்சே அங்கே நகர்ந்துவிடுகிறது: 110 × 70 ÷ 90, ஏறத்தாழ 85 கிலோ. குனிந்த நிலையில் அதைத் தூக்க வேண்டிய காமாவின் சொந்த எடையே சுமார் 90 கிலோதான்.

களைப்பும் கிடப்பவருக்கே சாதகம். அவர் எடையை விரிப்பு தாங்குகிறது. மேலே இருப்பவரின் தசைகளோ விடாமல் இறுகியே இருக்க வேண்டும். அப்படி இறுகிய தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களையே நசுக்கிக்கொள்வதால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இதற்கு மாற்று, தூக்குவதற்கு முன் ஊன்றுகோலைப் பறிப்பது. நீட்டிய கையை மணிக்கட்டில் பிடித்து உள்ளே இழுத்தால் 85 மறுபடி 55 ஆகிறது. அக்குளுக்குள் கையைச் செருகிப் பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்தும் 'ஹாஃப் நெல்சன்' பிடியில், எதிராளியின் மேல்கையே நெம்புகோலாகிவிடும். கழுத்து திரும்பினால் தோளும் கூடவே திரும்பும். இதைத் தடுக்க முழங்கையை விலாவோடு ஒட்ட வேண்டும், ஆனால் ஒட்டினால் தாங்கும் அகலம் குறைகிறது. நீட்டினால் கை பிடிபடும், மடக்கினால் புரட்டுவது எளிது. இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடித்தது ஸ்பிஸ்கோவின் உண்மையான திறமை. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. விதியும் அதற்கு இடம் கொடுத்தது: வயிறு தரையில் பட்டால் தோல்வியில்லை, நேர வரம்பும் குறுகியதில்லை.

ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டிய மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றியாளருக்கான 'ஜான் புல்' இடுப்புப் பட்டை காமாவுக்குப் போனது. காமாவும் ஸ்பிஸ்கோவும் மீண்டும் சந்தித்தது 1928இல், பாட்டியாலாவில். இம்முறை குப்புறப் படுக்கவே காமா இடம் கொடுக்கவில்லை. நின்ற நிலையிலிருந்தே தூக்கி எறிந்தார். ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவின் முதுகு தரையில் இருந்தது.