நெல் குவியல் தரை இல்லை

ஓர் அரிசி ஆலைக்குப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். நெல்லைச் சேமிக்கும் உயரமான தொட்டியான சைலோவின் அடிவாயில் நெல் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. அடிவாயின் கேட்டைத் திறந்து வைத்தபடியே ஓர் இளைஞரை மேலிருந்து உள்ளே இறக்கி, கம்பியால் குத்தச் சொன்னார்கள். கட்டி உடைந்தது. அடுத்த நொடி, "அண்ணே, கால் வரமாட்டேங்குது!" என்று அலறல். கீழே நின்றவர் சட்டென்று கேட்டை மூடியதால் தொடைவரை புதைந்ததோடு நின்றது. அவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"நெல்லுதானே சார், தண்ணியா முழுகறதுக்கு?" என்று அப்புறம் மேஸ்திரி என்னிடம் கேட்டார். தண்ணீரைவிட மோசம் என்பதுதான் பதில்.

ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. நம் உடம்பும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான், அதனால் மிதக்க முடிகிறது. அதே அளவு நெல் 600 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அதனால் ஓடும் நெல்லில் மிதக்க முடியாது. அசையாத குவியல் நம்மைத் தாங்குவது நெல்மணிகளுக்கு இடையே உள்ள உராய்வால். களத்தில் கொட்டிய நெல் சரியாமல் கூம்பாக நிற்பதும் அதனால்தான். கேட்டைத் திறந்ததும் அடியில் உள்ள மணிகள் புவியீர்ப்பால் விழ, மேலே உள்ளவற்றுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. பல சைலோக்களில் வாய்க்கு நேர் மேலே உள்ள நெல்தான் முதலில் ஓடும். சுற்றிலும் உள்ள மேல்மட்ட நெல் அந்தப் பள்ளத்துக்குள் சரியும். உள்ளே நிற்பவரையும் அதுவே நடுவுக்கு இழுத்துப் போகும்.

பாதி காலியான சைலோவில் நெல் மெதுவாகத்தான் இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் அது சரி, நெல்லில் வேகம் அப்படிக் குறையாது. நெல்லின் எடையில் பெரும்பகுதியைச் சுவர்கள் உராய்வால் தாங்கிக்கொள்கின்றன. ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் 1895-லேயே இதை அளந்து காட்டினார். ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது வாயின் அகலம்தான். மணற்கடிகாரம் கடைசிவரை ஒரே சீராக ஓடுவதும் இப்படித்தான்.

ஈரநெல் இன்னும் ஆபத்து. மேலே ஓடு போல இறுகியிருக்கும், அடியில் நெல் இறங்கி வெற்றிடமாகியிருக்கும். கால் வைத்தால் ஓடு உடைந்து ஆள் உள்ளே போய்விடுவார்.

புதைந்தவரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இடுப்புவரை போய்விட்டால், இழுக்கும் விசையில் தோளும் முதுகெலும்பும்தான் போகும். மார்புவரை புதைந்தவர் மூச்சு விடும்போது மார்பு சுருங்கிய இடத்தில் நெல் இறங்கிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடம் இருக்காது. முதலில் கேட்டை மூடி, நெல்லைக் கொண்டுபோகும் கன்வேயரையும் நிறுத்துங்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள். மீட்பவர்கள் அவரைச் சுற்றித் தகடுகளைச் செருகி, அந்த வளையத்துக்குள் இருக்கும் நெல்லை மட்டும் அள்ளி எடுப்பார்கள்.

அந்த ஆலையில் இப்போது கட்டியை வெளியிலிருந்தே நீளக் கம்பியால் உடைக்கிறார்கள். ஆள் இறங்கியே ஆகவேண்டுமென்றால் கேட்டை மூடி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுகிறார்கள். இறங்குபவர் இடுப்பில் பெல்ட், மேலே கயிறோடு இன்னொருவர். பூட்டின் சாவி இறங்குபவரின் சட்டைப் பையில்.